கேள்விக்குப் பின் ஐந்து விநாடி

ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்கு ஆசிரியர் வேலையைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். ஒரு தடவை படித்துப் புரியவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள், எங்கள் குடும்பத்திலேயே இன்னும் யாருக்கும் புரியவில்லை. கல்யாண வீடுகளில் "டீச்சரா?" என்பார்கள். இல்லை என்பேன். "அப்ப ப்ரொஃபசரா?" அதுவும் இல்லை என்பேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், நானும் தப்பித்துவிடுவேன்.

பல நாடுகளில், பல அமைச்சகங்களின் ஏசி அறைகளில் நான் மாற்றி மாற்றிச் சொன்னது ஒரே விஷயம். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிடுகிறார். ஆகவே, கேள்வியைக் கேளுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள், மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவ்வளவுதான். இதைச் சொல்வதற்கு எனக்கு விமான டிக்கெட் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? "நீ சொல்லு, உனக்கெங்க தெரியப்போகுது, உட்காரு" என்று ஒரே மூச்சில் கேட்டு வளர்ந்த சக பாதிக்கப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம் பட்டேன்.

சத்தமான மௌனம்

கிழக்கு ஆப்பிரிக்காவில் மலைமேல் ஒரு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. நல்ல குளிர், பிரமாதமான டீ, தங்கமான மனிதர்கள். ஐந்து விநாடி உபதேசத்தை அங்கே செய்துவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் திரும்பிப் போனபோது கல்லூரி முதல்வர் வாசலிலேயே காத்திருந்தார். என் முறை அந்த வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தொழிலில் அப்படியொரு வாக்கியத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நேராக ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். ஆசிரியை கேள்வி கேட்டார். கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று, தகரக் கூரை அதிர, "ஒன்று! இரண்டு! மூன்று! நான்கு! ஐந்து!" என்று கத்தியது. கத்தி முடித்து உட்கார்ந்தது. ஆசிரியை புன்னகையோடு பதிலைத் தானே சொன்னார். பக்கத்து வகுப்பிலிருந்தும், அதற்கடுத்த வகுப்பிலிருந்தும் ஐந்து ஐந்தாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. முதல்வர் என் காதருகே குனிந்து பெருமையோடு சொன்னார்: "நீங்கள் சொன்ன மௌனத்தை இங்கே ஒரு குழந்தைகூட விடாமல் கடைப்பிடிக்கிறது, மேடம்."

வட்ட மேசை

உயர்கல்வியையும் நான் விட்டுவைக்கவில்லை. மத்திய ஆசியாவில் ஒரு பல்கலைக்கழகம். அங்கே பேராசிரியர் பேசுவார், மாணவர்கள் எழுதுவார்கள், மணி அடிக்கும். மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார வேண்டும், பேச வேண்டும், விவாதம் நடக்க வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்லிவிட்டு வந்தேன். மறுமுறை போனால் பெரிய கூடம் நிறைய வட்ட மேசைகள், நல்ல கனமான மரம். யாரும் நகர்த்திவிடக் கூடாதே என்று தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள்.

பாதி மாணவர்கள் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் நியாயஸ்தர். எல்லார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டும் என்று மேசைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே, வழக்கமான பிரசங்கத்தை ஒரு வரி குறையாமல் செய்துகொண்டிருந்தார். அவர் வேர்வையைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. விவாதம் எங்கே என்று துறைத் தலைவரைக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இந்த வருஷம் வட்ட மேசை வந்துவிட்டது, விவாதம் அடுத்த வருஷ பட்ஜெட்டில் இருக்கிறது."

வீட்டில் ஒரு நிபுணர்

போதும் என்று ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டேன். உத்தர வீதியில் ஃபிளாட், மாடியில் நின்றால் கோபுரம், கீழே ஆட்டோ சத்தம். வீட்டுக்காரர் பாங்கில் இருந்து ரிடையர் ஆனவர். நான் ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் தனியாக இருந்து பழகியவர். நான் வந்த சந்தோஷம் அவருக்கு ஒரு வாரம் தாக்குப்பிடித்தது என்று நினைக்கிறேன்.

ஒருநாள் காலை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தேன். "காப்பி வேணுமா? வேண்டாம், இப்பத்தானே குடிச்சேள். டிபனுக்கு என்ன பண்ணட்டும்? உப்புமாவே கிளறிடறேன். சாத்தமுதுக்குத் தக்காளி இருக்கா? இருக்கும், நேத்துத்தானே வாங்கினேள்." எட்டிப் பார்த்தேன். மனிதர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரலையும் மடக்கிவிட்டு வாயைத் திறந்தார்: "ஊர் உலகத்துக்கெல்லாம் அஞ்சஞ்சு செகண்டா வாரிக் குடுத்தியே, ஆத்துக்கு ஒரு செகண்டாவது மிச்சம் வெச்சிருக்கப்படாதோ?"

போர்டில் ஒரு பெயர்

சும்மா இருக்க முடியுமா? திருச்சியில் ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் ஆலோசகராக வரச் சொன்னார்கள். தாளாளருக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் ஜவுளிக்கடை. கல்லூரி விஷயமாக யார் வந்தாலும் அவர் கடையில்தான் பார்ப்பார். இடிபட்டு, மிதிபட்டுப் போய்ச் சேர்ந்தேன். குளிர்பானம் வந்தது. நான் ஐந்து விநாடியைப் பற்றி ஆரம்பித்தேன். பக்கத்தில் அவருடைய விற்பனையாளர் ஒரு அம்மாளிடம், "என்ன கலர் பாக்கறீங்கம்மா? பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கும், பச்சையே எடுத்துப் போடறேன்" என்று புடவையை விரித்துக்கொண்டிருந்தார். என் தொழிலுக்கு எதிரி எங்கெல்லாம் இருக்கிறான் பாருங்கள்.

தாளாளர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர், ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் அவர் மனசில் இருந்ததைச் சொன்னார்: "அம்மா, வெளிநாட்டுல வேலை பாத்தவங்க எங்ககிட்ட இருக்காங்கன்னு போர்டுல பேர் போட்டுட்டாப் போதும்மா, நீங்க அடிக்கடி வந்து சிரமப்படணும்னுகூட இல்லை."

சார்ட்டு தெரிந்த பிள்ளைகள்

நான் சிரமப்பட்டேன். பி.எட். மாணவிகள் உறையூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகுவார்கள். அறிவியல் பிரிவில் எல்லாரும் எடுப்பது ஒளிச்சேர்க்கைதான். காரணம், அதற்குத்தான் அழகான சார்ட் கிடைக்கும். பச்சை மரம், மஞ்சள் சூரியன், வேருக்கு நீல அம்பு, இலைக்குச் சிவப்பு அம்பு. கடையிலேயே ரெடியாக இருக்கும். அதுவும் வேண்டாம் என்றால் சீனியர் அக்காவிடம் வாங்கிக்கொள்ளலாம். இப்படி வருஷா வருஷம் ஒளிச்சேர்க்கை வந்து இறங்கிக்கொண்டே இருந்ததில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பாடத்தில் ஊறிப்போயிருந்தார்கள். பாடத்தில் என்றால் பாடத்தில் இல்லை, அதை நடத்தும் முறையில்.

ஒரு மாணவி பயத்தில் நடுவில் திக்கி நின்றுவிட்டாள். கேள்வியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் கோகிலா என்று ஒரு பெண், இரட்டைப் பின்னல், அந்த வகுப்பின் லீடர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, டீச்சர் மானம் போகாத அளவுக்குக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "டீச்சர், பயப்படாதீங்க, இப்ப நீங்க சார்ட்ட மாட்டணும், மாட்டுனதும் நாங்க 'ஆ'ன்னு சொல்லுவோம்."

பர்வீன்

அந்த வருஷ மாணவிகளில் பர்வீன் மற்றவர்களைவிட மூத்தவள். பழைய திருச்சியில் வீடு, நாலாவது படிக்கும் மகள். கணவர் ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட் ஒன்றில் வேலை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரோடு சேர்ந்து இருந்ததெல்லாம் லீவு நாள்தான். அவள் தெருவிலேயே ஒரு பள்ளிக்கூடம், பாஸானால் ஜூன் மாதமே வேலை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

என் ஐந்து விநாடியை அந்தக் கல்லூரியில் ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் காவிரிக்கரையில் முக்கொம்புப் பூங்காவுக்கு மகளோடு போயிருக்கிறாள். மகள் ஒரு பெரிய மரத்தைச் சுற்றி வந்துவிட்டு, "அம்மா, மரம் மண்ணைத் தின்னுதானே இவ்ளோ பெருசா வளந்துச்சு, அப்ப கீழ பள்ளம் விழுந்திருக்கணும்ல, ஏன் விழல?" என்று கேட்டதாம். பர்வீன் அதை என்னிடம் சொன்னபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பாடம் நடத்திக் காட்டும் பரீட்சையில் இதையே கேள்வியாகக் கேள், சார்ட்டே வேண்டாம், கேட்டுவிட்டுப் பேசாமல் நில் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. பரீட்சை அவளுக்கு, பிடிவாதம் எனக்கு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சரிங்க மேடம். ஆனா அவ அத்தா மே மாசம் லீவுல வராரு, நான் பாஸாகி வேலைக்குப் போயிட்டா அவரு திரும்பிப் போக வேண்டியதில்ல, அதனால உங்க அஞ்சு செகண்ட எனக்குக் கொஞ்சம் நல்லதாப் பாத்துக் குடுங்க."

வெறுங்கை

அந்த உறையூர்ப் பள்ளிக்கூடத்திலேயே செய்முறைத் தேர்வு நாள். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரை 'எக்ஸ்டர்னல்' என்பார்கள். அவருக்கு வாசலில் பன்னீர், மேடையில் பொன்னாடை, வகுப்பில் விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. வந்தவர் வயதானவர், வரலாற்றுக்காரர். அறிவியலுக்கு ஆள் கிடைக்காததால் அதையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள். காலையிலிருந்து ஒரே பச்சை மரமும் மஞ்சள் சூரியனும் மாறி மாறி வர, பிள்ளைகள் 'ஆ' சொல்ல, அவர் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ரசித்து ஆடியதா, தூங்கி ஆடியதா என்று சொல்ல முடியவில்லை.

தாளாளர் கடையை விட்டுவிட்டு வந்திருந்தார். வராந்தாவில் மாணவிகள் சார்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டு நிற்க, பர்வீன் மட்டும் ஒரு சாக்பீஸோடு நிற்பதைப் பார்த்துவிட்டார். என்னைத் தனியாக அழைத்துப் போனார். முகம் வெளிறியிருந்தது. "அம்மா, கல்யாணத்துக்குப் பொண்ணை வெறுங் கழுத்தோட அனுப்புவாங்களா, ஒரு சார்ட்டையாவது கையில குடுத்து அனுப்புங்கம்மா."

பள்ளம் எங்கே

பர்வீன் உள்ளே போனாள். ஆணியில் சார்ட் ஏறவில்லை என்றதும் பிள்ளைகளுக்குக் கவலை. கோகிலா கண்ணாலேயே ஆணியைக் காட்டினாள். பர்வீன் கவனிக்காத மாதிரி, முக்கொம்பு மரத்தைப் பற்றிச் சொன்னாள். எல்லாரும் போயிருந்தார்கள், எல்லாரும் அந்த மரங்களைப் பார்த்திருந்தார்கள். "அவ்ளோ பெரிய மரம். அத்தனை கட்டையும் எங்கேருந்து வந்துச்சு? மண்ணுலேருந்துன்னா கீழ பள்ளம் விழுந்திருக்கணுமே, எங்க பள்ளம்?" கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஐயா, அம்மா, அந்த மௌனத்தைப் பற்றி நான் எவ்வளவோ மேடைகளில் பேசியிருக்கிறேன். அதற்குள் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். ஐந்து விநாடி முடிந்தது. யாரும் அசையவில்லை. வழக்கப்படி டீச்சரே பதிலைச் சொல்லிவிடுவாள் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்றது. ஜன்னலில் தாளாளரின் மூக்கு தெரிந்தது. பதில் என் நாக்கு நுனியில் வந்து நிற்க, நான் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டேன். ஷார்ஜாவில் இருக்கும் முகம் தெரியாத அந்த மனிதர் என் கண்முன் வந்து நின்றார். பர்வீன் கண்ணை இமைக்கக்கூட இல்லை.

அப்போது விசிறிக்குக் கீழேயிருந்து ஒரு குரல் வெடித்தது. "மண்ணுதான்! வேர் வழியா மண்ணோட சத்துதானே மேல போகுது!" எக்ஸ்டர்னல்! அவரால் பொறுக்க முடியவில்லை. பர்வீன் பதறவில்லை. அவர் பக்கம் திரும்பி, "சரி, ஒருத்தர் மண்ணுன்னு சொல்றாங்க" என்று பலகையில் 'மண்' என்று எழுதினாள். "வேற யாராவது?" கோகிலாவின் கை உயர்ந்தது. எழுந்து நின்று, நியாயம் கேட்கும் குரலில் சொன்னாள்: "டீச்சர், அந்த சார் கையத் தூக்காமயே பதில் சொல்லிட்டாரு."

தயிர்சாதமும் சிவப்பு அம்பும்

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. எக்ஸ்டர்னலும் சிரித்தார், அதில்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது. அப்புறம் பிள்ளைகள் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். மண், தண்ணீர், உரம், விதைக்குள்ளேயே இருந்தது என்று பலகை நிறைந்தது. கோகிலா மட்டும் வெறும் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள். "டீச்சர், சார்ட்டுல இலைக்கு ஒரு சிவப்பு அம்பு வருமே, கார்பன் டை ஆக்சைடுன்னு... காத்துலேருந்து வர்ற அதுவா கட்டையாவுது?" அத்தனை தடவை பார்த்து 'ஆ' சொன்ன படத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள், அதுவும் படம் இல்லாத ஆணியில். எனக்கு மூக்கை உறிஞ்ச வேண்டியதாகிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மதியச் சாப்பாட்டில் எக்ஸ்டர்னல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சார்ட்டுக்கு என்று இருக்கும் மார்க்கைப் போட விதி இடம் கொடுக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மற்றதைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குப் பர்வீன் மார்க் கவலை. அவருக்கு வேறு கவலை. தயிர்சாதத்தைப் பிசைந்தபடி கேட்டார். "அப்ப வயலுக்கு உரம் எதுக்குப் போடறோம்? காத்துலேருந்தே எல்லாம் வந்துரும்னா?" பதில் எனக்குத் தெரியும். வாயையும் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, வீட்டில் விரலை மடக்கிய மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். மூடிக்கொண்டேன். எக்ஸ்டர்னல் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல, "உப்பு மாதிரியா? சமையல்ல கொஞ்சமாப் போட்டாலும் இல்லாம முடியாதே, அந்த மாதிரி?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பெருமூச்சு விட்டார். "நீங்க ஏம்மா பதிலே சொல்ல மாட்டேங்கறீங்க, எனக்கே யோசிக்க வேண்டியதாப் போச்சு!"

ரிட்டர்ன் டிக்கெட்

ரிசல்ட் வந்தது. சார்ட் போட்டவர்களுக்கெல்லாம் பர்வீனைவிட மார்க் அதிகம். ஆனால் அவள் பாஸ். தாளாளர் இனிப்பு கொடுத்தனுப்பினார், கூடவே அடுத்த வருஷத்துக்கு 'சார்ட் இல்லாத வகுப்பு' என்று ஒரு சார்ட் அடிக்கலாமா என்று கேட்டனுப்பினார். நான் பதில் சொல்லவில்லை, அவரும் யோசிக்கட்டும்.

சாயங்காலம் பர்வீன் ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டாள், மகளோடு. வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "காப்பி சாப்பிடறேளா?" என்று கேட்டுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தபடி, பதில் வரும்வரை நின்றார். சாப்பிடுகிறேன் என்றாள். காப்பியைக் கையில் வாங்கியும் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்: "ஷார்ஜாவுக்குப் போன் போட்டு, ரிட்டர்ன் டிக்கெட்டும் சேத்துப் போடணுமாங்கன்னு கேட்டேன் மேடம். அந்தப் பக்கம் சத்தமே இல்ல. ஒவ்வொரு லீவுக்கும் நானே முந்திக்கிட்டு, போட்டுருங்க, எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லன்னு சொல்லிருவேன். இந்தத் தடவ வாயத் தொறக்கல. அஞ்சுக்கு மேலயும் எண்ணிட்டேன். அப்புறம் அவரு அழுதுட்டாரு மேடம், அதான் பதில்."

இத்தனை நாடும் அமைச்சகமும் வட்ட மேசையும் சுற்றி வந்ததில் என் ஐந்து விநாடி முழுசாக வேலை செய்தது ஒரு போன் காலில்தான், அதற்கும் சார்ட் இல்லை என்று மார்க்கைக் குறைத்துவிடுவார்கள்.